கீழ்த்திசை சென்ற லாரிச் சாத்து

இங்கிலாந்தில் சரக்கை ஏற்றி, கப்பலில் கடலைக் கடந்து, பெல்ஜியம், ஜெர்மனி, ஆஸ்திரியா, யூகோஸ்லாவியா, பல்கேரியா என்று ஒவ்வொரு தேசத்தின் எல்லையிலும் நின்று நின்று புறப்பட்டு, துருக்கிக்குள் நுழைந்து, அங்கிருந்து டெஹ்ரானுக்கும் பாக்தாதுக்கும் அரபு நாட்டுப் பட்டினங்களுக்கும் லாரிகள் ஓடிய காலம் ஒன்று உண்டு. 1960-களின் நடுவில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்த அந்த ஓட்டத்தைப் பற்றி, அதில் உழன்று மூத்த லாரிக்காரர்கள் பேசத் தொடங்கினால், எவ்வளவு சரக்கு ஏற்றினோம், என்ன கூலி வாங்கினோம் என்பதெல்லாம் பின்னுக்குப் போய்விடும். எந்த மலையில் எவனுடைய வண்டி நின்றுபோயிற்று, அதை யார் இழுத்துவிட்டார் என்ற சமாசாரமே முதலில் வாயில் வரும்.

இந்த ஓட்டத்தின் ஆரம்பம் ஒரு துணிச்சலான பரீட்சை. 1964-ஆம் ஆண்டில் பாப் பால், மைக்கேல் உட்மன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் ‘கை வாரியர்’ என்னும் பிரிட்டிஷ் லாரியில் சரக்கேற்றிக்கொண்டு ஆப்கானிஸ்தானத்தின் தலைநகரமான காபூல் வரை சென்றார்கள். கப்பலில் மாதக்கணக்கில் போகும் பண்டத்தைத் தரைமார்க்கமாகச் சில வாரங்களில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்பது அந்தப் பிரயாணத்தால் நிரூபணமாயிற்று. அவர்கள் நடத்திய கம்பெனி பின்னர் ‘ஆஸ்ட்ரான்’ என்ற பெயரில் பிரசித்தி அடைந்தது. 1967 ஜூன் யுத்தத்தில் மூடப்பட்ட சூயஸ் கால்வாய் 1975 ஜூன் வரையில் திறக்கப்படாமலே கிடந்ததும், 1973-ஆம் ஆண்டின் இறுதியில் பெட்ரோலிய எண்ணெயின் விலை சில மாதங்களுக்குள் ஏறக்குறைய நான்கு மடங்காக உயர்ந்து எண்ணெய் நாடுகளில் செல்வம் குவிந்ததும், அந்தச் செல்வத்தைக் கொண்டு வாங்கிய இயந்திரங்களையும் கட்டடச் சாமான்களையும் இறக்க இடமில்லாமல் அந்நாட்டுத் துறைமுகங்களில் கப்பல்கள் வாரக்கணக்காகவும் மாதக்கணக்காகவும் நங்கூரமிட்டுக் காத்துக் கிடந்ததும் சேர்ந்து, லாரிக்காரனுக்கு எதிர்பாராத ஒரு மதிப்பைத் தேடித் தந்தன. பெரிய கம்பெனிகளின் அனுபவஸ்தர்கள் மட்டுமின்றி, கடன்பட்டு ஒரு பழைய லாரியை வாங்கிக்கொண்டு, அதுவரை சொந்த நாட்டின் கரையைத் தாண்டியறியாத சாமானியர்களும் அந்த வழியில் இறங்கினார்கள்.

இறங்கியவர்களில் தனியாகப் போக விரும்பினவர்கள் மிகச் சிலரே. கள்வர் பயமும் காட்டுவழியும் மிகுந்த பண்டைக் காலத்தில் நம் வணிகர்கள் வண்டிகளையும் பொதிமாடுகளையும் சாத்தாகக் கூட்டிக்கொண்டு சென்றதுபோலவே, இவர்களும் இரண்டு மூன்று வண்டிகளாகவேனும் சேர்ந்துகொண்டே கிழக்கு நோக்கிப் போனார்கள். இந்தக் கூட்டுறவை யாரும் உத்தரவிட்டு ஏற்படுத்தவில்லை. டோவர் துறைமுகத்துக் கப்பலின் சாப்பாட்டு மேஜையிலோ, ஆஸ்திரிய எல்லையின் வரிசையிலோ, “எதுவரை?” என்று ஒருவர் கேட்பதும், “டெஹ்ரான்” என்று மற்றவர் சொல்வதும், “அப்படியானால் சேர்ந்தே போவோம்” என்று முடிவாவதும்தான் அதன் சம்பிரதாயம். வெவ்வேறு கம்பெனிகளில் ஊழியம் செய்பவர்கள், வியாபாரத்தில் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள் என்று சொல்லத்தக்கவர்கள், கூட்டுச் சேர்ந்துகொண்ட மாத்திரத்தில் ஒருவர் வண்டிக்கு மற்றவர் பிணையாகிவிடுவார்கள்.

பிணை வேண்டியிருந்ததன் காரணத்தை அறிய, ஒரு லாரிக்காரனிடம் அன்று இருந்த சாதனங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். கைத்தொலைபேசி இல்லை. எஜமானரோடு பேசுவதற்கு ஏதேனும் ஒரு ஹோட்டலில் டெலெக்ஸ் யந்திரத்தையோ, மணிக்கணக்கில் காத்திருந்து கிடைக்கும் டிரங்க் அழைப்பையோ நம்ப வேண்டும். யூகோஸ்லாவியாவின் நடுவில் பிரிட்டிஷ் லாரியின் உதிரிப் பாகம் கிடைப்பது துர்லபம். அதை விமானத்தில் வரவழைத்தாலோ, சுங்கத்திலிருந்து விடுவிப்பதற்கே நாள்கள் போய்விடும். பாஷை தெரியாது. இவ்வளவு நிராதரவான நிலையில், பின்னால் வரும் வண்டியின் கருவிப்பெட்டியும் அதை ஓட்டி வருகிறவனின் இரண்டு கைகளுமே ஒருவனுக்குக் கண்கூடான காப்புறுதியாக இருந்தன.

இனி, வழியில் நேரிட்ட இடர்களைப் பார்ப்போம்.

ஆஸ்திரியாவிலிருந்து யூகோஸ்லாவியாவுக்குள் இறங்கிய மார்க்கங்களுள் வுர்ட்சன் கணவாய் என்பது ஒன்று. உயரம் 1,073 மீட்டர்தான். ஆல்ப்ஸ் மலையின் மற்றக் கணவாய்களோடு ஒப்பிட்டால் இது ஒரு குன்று. ஆயினும் ஆஸ்திரியப் பக்கத்தில் அதன் சரிவு சில இடங்களில் நூற்றுக்குப் பதினெட்டு, அதாவது நூறு மீட்டர் போவதற்குள் பதினெட்டு மீட்டர் ஏறியாக வேண்டும். முப்பது டன் கனமுள்ள வண்டி, பனி உறைந்த சாலையில் அந்த ஏற்றத்தில் ஒருமுறை நின்றுவிட்டால், சக்கரம் சுழலுமே தவிர வண்டி நகராது. அப்போது முன்னே ஏறிச் சென்ற வண்டி திரும்பி வந்து, எஃகு வடத்தைக் கட்டி இழுக்க வேண்டும். கூட வந்தவர்கள் மண்டியிட்டுச் சக்கரங்களுக்குச் சங்கிலி பூட்ட வேண்டும். இறக்கமோ ஏற்றத்தைக் காட்டிலும் கொடியது. பிரேக்கை ஓயாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் அதன் உருளைகள் சூடேறிப் பிடிமானத்தை இழந்துவிடும். பிறகு மிதிப்பதால் யாதொரு பயனும் இல்லை. மேலே ஏறிய அதே சிறிய கியரிலேயே கீழேயும் இறங்கவேண்டும் என்ற பாடத்தை அனுபவஸ்தன் புதியவனுக்கு மலையுச்சியில் நிறுத்திச் சொல்லுவான். சொல்லிவிட்டுத் தானே முதலில் இறங்கி, வளைவுகளின் நிலைமையைக் காட்டுவான்.

மலையைக் கடந்தால் சமவெளி. ஆனால் அங்கேதான் மரணம் மிகுதியாகக் காத்திருந்தது. ‘சகோதரத்துவமும் ஒற்றுமையும்’ என்று பெயரிடப்பட்ட யூகோஸ்லாவிய நெடுஞ்சாலையில் ஸாக்ரெப் நகரத்துக்கும் பெல்கிரேடுக்கும் இடைப்பட்ட பகுதியை 1948 முதல் 1950 வரையில் இளைஞர் தொண்டர் படைகள் உடலுழைப்பால் அமைத்தன. கோடு போட்டதுபோல் நீளும் அந்தச் சாலையில், எதிரும் புதிருமாக வரும் வண்டிகளுக்கு நடுவே தடுப்பு எதுவும் நெடுங்காலம் இல்லை. 1961-ஆம் ஆண்டின் ஒப்பந்தத்துக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியின் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன துருக்கியத் தொழிலாளர்கள், கோடை விடுமுறையில் மனைவி மக்களையும் மூட்டை முடிச்சுகளையும் காரில் அடைத்துக்கொண்டு, ஊணும் உறக்கமும் இன்றி அந்தச் சாலை வழியாகத் தாய்நாட்டுக்கு விரைவார்கள். ஓட்டுபவன் ஒரு கணம் கண்ணயர்ந்தால் கார் எதிர்த்திசையில் வரும் லாரியின் கீழ் புகுந்துவிடும். சாலையோரத்தில் நசுங்கிக் கிடந்த கார்கள் அந்நாளில் சர்வசாதாரணமான காட்சி. ஆகையால் சாத்தில் முன்னே செல்பவன் தனக்காக மட்டும் விழித்திருப்பதில்லை. எதிரே தடுமாறும் வண்டியைக் கண்டால், பிரேக் விளக்கை மின்னச் செய்து பின்னால் வருபவர்களை எச்சரிப்பான்.

விளக்கு அந்த லாரிக்காரர்களுக்கு ஒரு பாஷையாகவே இருந்தது. நீண்ட லாரியை முந்திச் செல்பவனுக்குத் தன் வண்டியின் வால் எப்போது விலகிற்று என்பது கண்ணாடியில் சரியாகத் தெரியாது. முந்தவிட்டவன் முகப்பு விளக்கை ஒருமுறை மின்னச் செய்தால், ‘இடம் இருக்கிறது, உள்ளே வா’ என்று அர்த்தம். வந்தவன் திசைகாட்டும் விளக்கை இடமும் வலமுமாகச் சிமிட்டினால் அது வந்தனம். ஐரோப்பியச் சாலைகளில் இன்றைக்கும் லாரிக்காரர்கள் இந்த மரியாதையைக் கைவிடவில்லை.

குளிர்காலத்தின் இடர் தனிவகை. டீசல் எண்ணெயில் இயல்பாகவே ஒருவகை மெழுகு கரைந்திருக்கிறது. கடுங்குளிரில் அது திரண்டு, எண்ணெயைக் கூழாக்கி, வடிகட்டியை அடைத்துவிடும். மலிவு கருதி வளைகுடா நாட்டில் டிரெய்லரின் அடித்தொட்டி நிறைய எண்ணெய் நிரப்பிக்கொண்டு திரும்புகிறவனிடம் இருப்பது வெப்ப தேசத்துக்கு ஏற்ற எண்ணெய். துருக்கியின் பீடபூமியிலோ பல்கேரியாவின் பனியிலோ இரவு நிறுத்திய வண்டி விடியற்காலையில் உயிர்பெறாது. அப்போது நடக்கும் வைத்தியத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு தகரப் பாத்திரத்தில் டீசலில் நனைத்த கந்தையைப் போட்டுக் கொளுத்தி, எண்ணெய்த் தொட்டிக்கு நேர் கீழே தள்ளிவைப்பார்கள். எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் நெருப்பா என்று நாம் திடுக்கிடலாம். டீசல் பெட்ரோலைப்போல் சட்டென்று ஆவியாகித் தீப்பற்றுவதில்லை என்ற துணிவில் செய்யும் காரியம் இது. ஆனால் மெழுகு திரளாமல் இருப்பதற்காகச் சிலர் முன்கூட்டியே டீசலோடு பெட்ரோலைக் கலந்திருப்பார்கள். அந்தத் தொட்டியின் கீழ் நெருப்பு வைப்பது பெரும் அபாயம். ஆகவே, ‘உள்ளே என்ன ஊற்றியிருக்கிறாய்?’ என்று கேட்டறிந்த பிறகே தீக்குச்சியைக் கிழிப்பார்கள். ஒருவன் நெருப்பைக் காவல் காக்க, ஒருவன் வெந்நீரில் நனைத்த துணியை வடிகட்டியின்மேல் சுற்ற, இன்னொருவன் சக்கர உருளைகளோடு உறைந்து ஒட்டிக்கொண்ட பிரேக் கட்டைகளைச் சுத்தியலால் தட்டி விடுவிக்க, முதலில் உயிர்பெற்ற வண்டி மற்ற வண்டிகளைக் கட்டி இழுத்து எழுப்பும். தனியொருவன் செய்யக்கூடிய காரியமா இது?

பனியும் மலையும் போதாவென்று காகிதமும் ஓர் இடராக நின்றது. ஒவ்வொரு எல்லையிலும் சரக்கைப் பிரித்துப் பார்த்து வரி கேட்டால் பிரயாணம் முடிவே பெறாது என்பதால், 1959-ஆம் ஆண்டிலும் பின்னர் விரிவாக 1975-ஆம் ஆண்டிலும் ஜினீவா நகரில் ‘டி.ஐ.ஆர்.’ எனப்படும் சர்வதேச உடன்படிக்கை செய்துகொண்டார்கள். புறப்படும் ஊரில் சுங்க உத்தியோகஸ்தர்கள் சரக்கைப் பரிசோதித்து, தார்ப்பாயின் வளையங்கள் அனைத்திலும் நுழைந்து வரும் ஒரே கயிற்றின் இரு முனைகளையும் சேர்த்து ஈய முத்திரை இடுவார்கள். வழியிலுள்ள நாடுகள் முத்திரையைப் பார்த்து, வண்டியோடு வரும் டி.ஐ.ஆர். புத்தகத்திலுள்ள சீட்டைக் கிழித்துக்கொண்டு அனுப்பிவிட வேண்டும். வண்டியின் நெற்றியில் தெரியும் நீலப் பலகையின் வெள்ளை எழுத்துக்கள் இந்த ஏற்பாட்டின் அடையாளம். ஏற்பாடு சிறந்ததே, ஆனால் வண்டி பள்ளத்தில் கவிழ்ந்தால் என்ன செய்வது? முத்திரையை இஷ்டம்போல் உடைத்தால் சரக்கைக் களவாடியதாகவே கொள்ளப்படும். அதற்கென்றே அந்தப் புத்தகத்தில் மஞ்சள் நிறமான ஒரு தாள் உண்டு. உள்ளூர் அதிகாரி வந்து கண்டதை அதில் எழுதிக் கையெழுத்திட்ட பின்பே சரக்கை வேறு வண்டிக்கு மாற்றலாம். உடனே இறக்காவிட்டால் அபாயம் என்ற நிலையில் மட்டும் லாரிக்காரன் தானே முத்திரையை உடைக்கலாம். அப்போதும் பின்னர் அதிகாரியிடம் நிரூபித்தாக வேண்டும். எனவே கவிழ்ந்தவன் சரக்கைக் காவல் காத்து நிற்க, கூட வந்தவன் பனியில் வண்டியை ஓட்டிக்கொண்டு போய், பாஷை தெரியாத ஊரில் ஓர் அதிகாரியைத் தேடி அழைத்து வருவான். அதற்குள் அவனுடைய சொந்தச் சரக்கு தாமதப்படும். அந்த நஷ்டத்துக்கு யாரும் ஈடு கொடுக்கப் போவதில்லை.

பல்கேரியாவுக்கும் துருக்கிக்கும் நடுவேயுள்ள கபிகுலே எல்லையில் லாரிகளின் வரிசை பல கிலோமீட்டர் நீளும். நாள்கணக்கிலும் காத்திருக்க நேரும். டிரெய்லரின் பக்கவாட்டில் தொங்கும் மரப்பெட்டியே லாரிக்காரனின் சமையலறை. அதன் கதவைக் கீழே மடக்கினால் மேஜையாகிவிடும். அதன்மேல் ஒரு காஸ் அடுப்பு, ஒரு கெண்டி, வீட்டிலிருந்து கொண்டுவந்த இறைச்சி டப்பாக்கள், உருளைக்கிழங்கு, தேயிலை. ஒருவரிடம் கிழங்கும் மற்றவரிடம் இறைச்சியும் இருக்க, எல்லாம் ஒரே சட்டியில் வேகும். பெல்கிரேடில் ‘நேஷனல்’ ஹோட்டல், இஸ்தான்புல்லில் ‘லோண்ட்ரா காம்பிங்’ என்ற நிறுத்துமிடம் முதலியவை இவர்களின் சத்திரங்கள். குளிப்பதற்கும் குடிப்பதற்கும் மட்டுமல்ல, செய்தி அறிவதற்கும் அவையே இடம். எந்தக் கணவாய் மூடிக் கிடக்கிறது, எந்த எல்லையில் எந்தக் காகிதம் புதிதாகக் கேட்கிறார்கள், யாருடைய வண்டி எந்த மைலில் முறிந்து கிடக்கிறது என்ற விவரங்கள் மேற்கிலிருந்து வந்தவனிடமிருந்து கிழக்கிலிருந்து வந்தவனுக்கும், அவனிடமிருந்து இவனுக்குமாகக் கைமாறும். பி.பி.சி. ஸ்தாபனம் 1977-இல் தோஹா நகருக்குச் சென்ற ஆஸ்ட்ரான் லாரிகளோடு கூடவே போய் எடுத்த படம், இந்த வாழ்க்கையை வீட்டிலிருந்த ஆங்கிலேயர்களுக்குக் கண்முன் காட்டிற்று.

இந்தத் தோழமையைத் தெய்விகமாக வருணிப்பது பொருந்தாது. வேகமாகப் போக விரும்புகிறவனும் மெதுவாகப் போகிறவனும் சேர்ந்தால் மூன்றாம் நாளே மனஸ்தாபம். வாங்கிய கடனைத் திருப்பாதவன் உண்டு. குடித்துவிட்டு ஓட்டினவன் உண்டு. எல்லையில் சிகரெட்டு அட்டைப்பெட்டியை நீட்டி, வரிசையில் தோழனை முந்திக்கொண்டவனும் உண்டு. ஆனாலும் பொதுவான நியதி ஒன்று நிலைபெற்றிருந்தது: முறிந்து நிற்கும் வண்டியைக் கண்டால் நிறுத்தாமல் போகலாகாது. செய்த உதவிக்குப் பிரதியுபகாரம் செய்ய, உதவினவனை மறுபடி சந்திப்போம் என்ற நிச்சயம் இல்லாததால், அடுத்தபடி துன்பத்தில் கண்ட எவனுக்கேனும் உதவிக் கடனைத் தீர்ப்பதே வழக்கமாயிற்று. நல்லவர்களாக இருந்ததனால் இவர்கள் உதவினார்கள் என்பதைவிட, உதவாமல் அந்தச் சாலையில் ஒருவனும் பிழைக்க முடியாது என்பதனால் நல்லவர்களானார்கள் என்று சொல்வதே உண்மைக்கு நெருக்கமானது.

அந்த ஓட்டம் ஒரே நாளில் முடியவில்லை. 1979-இல் ஈரானில் புரட்சி. 1980-இல் ஈரான், இராக் யுத்தம். வளைகுடாவில் புதிய துறைமுகங்களும் பெட்டிக் கப்பல்களும். பல்கேரியாவின் ‘சோமாட்’, ஹங்கேரியின் ‘ஹங்காரோகாமியோன்’ முதலிய அரசாங்கக் கம்பெனிகளின் குறைந்த கூலி. இவற்றின் முன் மேற்கத்திய லாரிக்காரன் மெல்ல மெல்லப் பின்வாங்கினான். 1991-இல் தொடங்கிய உள்நாட்டுப் போர், யூகோஸ்லாவிய நெடுஞ்சாலையையே துண்டித்துவிட்டது.

ஐரோப்பாவின் உள்ளேயோ, சாலை செம்மைப்பட்டுக்கொண்டே வந்தது. இதில் லாரிக்காரர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. 1984 பிப்ரவரியில், சுங்க உத்தியோகஸ்தர்களின் போராட்டத்தால் ஆல்ப்ஸ் எல்லைகளில் குளிரில் சிக்கிய லாரிக்காரர்கள், பொறுமை இழந்து பிரான்சின் சாலைகளை மறித்தார்கள். அந்த அமளி, எல்லைச் சோதனையைத் தளர்த்தப் பிரான்சும் ஜெர்மனியும் அவ்வாண்டு ஜூலையில் சார்ப்ருக்கன் நகரில் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குத் தூண்டுதலாயிற்று. அதைத் தொடர்ந்து 1985 ஜூன் 14-ஆம் தேதி ஷெங்கன் உடன்படிக்கை பிறந்தது. 1993-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஐரோப்பியக் கூட்டு நாடுகளுக்கிடையே சுங்கச் சோதனையே இல்லாமற் போயிற்று. வுர்ட்சன் ஏற்றத்தில் திணற வேண்டாதபடி, ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நீளமுள்ள காரவாங்கன் சுரங்கச் சாலை 1991-இல் திறக்கப்பட்டது. நான்கரை மணி நேரம் ஓட்டினால் நாற்பத்தைந்து நிமிஷம் ஓய்வு, ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் சாதாரணமாக ஓட்டலாகாது என்ற சட்டமும், அதை நிமிஷந்தோறும் பதிவு செய்யும் டாக்கோகிராப் கருவியும் வந்தன. இவை எல்லாம் உயிரைக் காப்பவை. இவற்றைக் குறை கூறுவது பேதைமை. எனினும் கடிகாரம் கணக்கெடுக்கும்போது அயலானுக்காக நிறுத்துவது அரிதாகிறது. முறிந்த வண்டிக்குத் தொலைபேசியில் கூப்பிட்ட மெக்கானிக் வந்துவிடுவான் என்றால் நிறுத்த வேண்டிய அவசியமும் குறைகிறது.

அவசியம் திரும்பினால் தோழமையும் திரும்புகிறது. 2020 டிசம்பரில் புதியவகைக் கொரோனாக் கிருமிக்கு அஞ்சிப் பிரான்ஸ் தன் எல்லையை இரண்டு நாள் மூடியபோது, இங்கிலாந்தின் கென்ட் மாகாணத்தில் ஆயிரக்கணக்கான லாரிகள் கிறிஸ்துமஸ் சமயத்தில் நகர வழியின்றி நின்றன. அப்போது, கிரேவ்ஸெண்ட் நகரிலுள்ள சீக்கியர்களின் குருத்வாராவில் சமைத்த சூடான உணவை ‘கால்சா எய்ட்’ தொண்டர்கள் நூற்றுக்கணக்கான லாரிக்காரர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

இன்றைய லாரிக்காரனின் பெரிய இடர் பனியன்று, கூலி. 2023 மார்ச்சு மாதத்தில், ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரத்துக்கு அருகே கிரேபன்ஹவுசன் என்ற நெடுஞ்சாலை ஓய்விடத்தில், போலந்து நாட்டுக் கம்பெனி ஒன்றுக்காக ஓட்டிவந்த அறுபதுக்கும் மேற்பட்டவர்கள், சம்பள பாக்கி வரும்வரை வண்டியை எடுப்பதில்லை என்று நின்றுவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் தேசத்தவர். அந்த மண்ணில் அவர்களுக்கு உறவும் இல்லை, சொல்வாக்கும் இல்லை. பெரிய வெள்ளிக்கிழமையன்று முதலாளி கவச வண்டியோடும் தனியார் காவலரோடும் வந்து லாரிகளைக் கைப்பற்ற முயல, போலீஸார் குறுக்கிட்டுத் தடுத்தார்கள். தொழிற்சங்கத்தாரும் சுற்றுவட்டாரத்து மக்களும் உணவு கொண்டுவந்தார்கள். ஏப்ரல் முடிவதற்குள் ஏறத்தாழ மூன்று லட்சம் யூரோ பாக்கி வந்து சேர்ந்தது. அதன் பிறகே வண்டிகளை ஒப்படைத்தார்கள்.

பனியில் சிக்கிய ஒரு வண்டியை மீட்க இன்னொரு வண்டி நகர வேண்டும். சிக்கிய சம்பளத்தை மீட்க அறுபது வண்டிகள் நகராமல் நிற்க வேண்டியிருந்தது. அந்த ஜூலையில், அதே கம்பெனித் தொகுதிக்காக ஓட்டிய நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதே ஓய்விடத்தில் வந்து நின்றார்கள். பிரதேசம் புதிது, மொழி வேறு. ஆனால் எங்கே போய் நின்றால் நியாயம் கிடைக்கும் என்பதை முன்னே சென்றவர்கள் அவர்களுக்குக் காட்டிவிட்டிருந்தார்கள்.